மறுநாளா, மூன்றாம் நாளா

எங்கள் மருத்துவமனையின் ஆய்வு நெறிக்குழுவுக்கு நான் எழுத்தர். நோயாளிகளை வைத்து யார் என்ன ஆராய்ச்சி செய்வதானாலும், அது நியாயமாக நடக்குமா என்று பார்த்து இந்தக் குழு அனுமதி தர வேண்டும். ஒன்பது உறுப்பினர்களில் எட்டுப் பேர் பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் வரிசையாகப் போட்டுக்கொள்பவர்கள். ஒருவராவது மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத வெளியாளாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நாற்காலியில் இருந்தவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஓர் அம்மாள். அவருக்கு முன்னால் மேசையில் ‘பொதுமக்கள் பிரதிநிதி’ என்று பலகை இருக்கும். டாக்டர்கள் அதைச் சுருக்கி, அவர் இல்லாத நேரத்தில் ‘பொதுஜனம்’ என்பார்கள். அது அவருக்கும் தெரியும்.

அவரைக் கொண்டுவந்தது குழுத் தலைவர். ஓய்வு பெற்ற பேராசிரியரான அவர் அறுபத்தோரு வயதில் அந்த அம்மாளிடம் கார் ஓட்டப் பழகினார். “சார், நீங்க இன்னும் நாலு மாசம் ரோட்டுப் பக்கம் வராம இருந்தா ஊருக்கு நல்லது” என்று அந்த அம்மாள் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாராம். இப்படி ஒருவர்தான் குழுவுக்கு வேண்டும் என்று தலைவர் அன்றே முடிவு செய்துவிட்டார்.

ஆறு கூட்டங்கள் வரை பொதுஜனம் அதிகம் பேசவில்லை. ஏழாவது கூட்டத்துக்கு எலும்பு டாக்டரின் கடிதம் வந்தது.

எலும்பு டாக்டரை யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அத்தனை நல்ல மனிதர், நல்ல கைராசி. இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியவர்களை ஆபரேஷனுக்கு மறுநாளே எழுப்பி நடக்க வைக்கும் வழக்கம் உண்டு. மூன்றாம் நாள் வரை படுக்க வைப்பவர்களும் உண்டு. மேல்மாடி வார்டில் மறுநாள், கீழ் வார்டில் மூன்றாம் நாள் என்று வைத்து, எதில் சீக்கிரம் குணமாகிறது என்று ஒரு வருடம் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தார். கடைசி வரி இது: ‘இது ஆராய்ச்சி அல்ல, வார்டைச் சீர்ப்படுத்தும் வேலை. ஆகவே நோயாளிகளிடம் தனியாகச் சம்மதம் வாங்கத் தேவையில்லை.’

கூட்டத்துக்கு டாக்டரையும் அழைத்திருந்தோம். தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “பொதுவான அறிவைத் தேடி முறைப்படி செய்யறதுதான் ஆராய்ச்சின்னு போட்டிருக்கு.”

“என் நோக்கம் என் வார்டோட சரி சார். உலகத்துக்கு இல்ல” என்றார் எலும்பு டாக்டர்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ‘விலக்கு அளிக்கப்பட்டது’ என்று பாதி எழுதிவிட்டேன்.

“டாக்டர், எது நல்லதுன்னு உங்களுக்கே தெரியுமா?” என்று கேட்டார் பொதுஜனம்.

“மறுநாள்தான்னு எனக்கு நம்பிக்கைம்மா. ஆனா உறுதியா தெரியாது. தெரிஞ்சா எதுக்கு இந்தப் பாடு?”

“முடிவு நல்லா வந்தா எங்கேயாவது எழுதுவீங்களா?”

டாக்டர் தயங்கினார். ‘மாட்டேன்’ என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். “எழுதுவேன்” என்றார்.

“அப்புறம் அதுக்கு எந்தப் பேரு வெச்சா என்ன டாக்டர்? அவங்க இடுப்பை வெச்சுத்தானே தெரிஞ்சுக்கப் போறீங்க? என் காரை எடுத்துப் பழகறவங்ககூட என்னைக் கேட்டுட்டுத்தான் சாவியைத் தொடறாங்க.”

“ஒவ்வொருத்தரா கேட்டா ஒரு வருஷ வேலை ரெண்டு வருஷம் இழுக்கும்மா!”

“இழுக்கட்டுமே.”

சம்மதம் வாங்கத்தான் வேண்டும் என்று தலைவர் முதலில் கை தூக்கினார். பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். நான் எழுதியதை அடித்தேன். டாக்டர் முகம் கொடுக்காமல் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஆறு பக்கச் சம்மதப் படிவத்தோடு என் அறைக்கு வந்தார். பொதுஜனமும் வந்து படித்துப் பார்த்தார். “வாடகைப் பத்திரம் மாதிரி இருக்கு டாக்டர். இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள எலும்பு தானா கூடிடும்.” கோபத்தில் இருந்த டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருவருமாக என் மேசையில் இரண்டு மதியங்கள் உட்கார்ந்து, பெரிய எழுத்தில் அதை ஒரே பக்கமாக்கினார்கள்.

டாக்டர் தானே கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டார். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், “காலம் பூரா நடந்தாச்சு டாக்டர். மூணு நாளாவது படுத்துக்கறேன், விடுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவரைக் கணக்கில் சேர்க்காமல், அவர் கேட்டபடியே கீழ் வார்டுக்கு அனுப்பினார்கள். இப்படிப் பதினொரு பேர் மறுத்தார்கள். நூற்று எண்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். “இவங்ககிட்ட நான் இவ்வளவு பேசினதே இல்ல” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார் டாக்டர்.

இரண்டு வருடம் முடிந்து, கோப்பை மூடச் சொல்லி குழுவின் முன் வந்தார். ஆள் வாடிப்போயிருந்தார்.

“ஒண்ணும் கிடைக்கல. வலி, நடை, வீடு திரும்பின நாள், எல்லாம் ரெண்டு வார்டுலயும் ஒண்ணுதான். இது அறிவியலே இல்ல, வீண் வேலை.”

“ஒண்ணும் கிடைக்கலையா? இல்ல, வித்தியாசம் ஒண்ணும் இல்லேன்னு கிடைச்சுதா?” என்றார் பொதுஜனம்.

டாக்டர் கையிலிருந்த அட்டவணையை முதன்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

“இந்த மாதிரி முடிவைப் பத்திரிகைக்காரங்க லேசுல போட மாட்டாங்கம்மா.”

“கையெழுத்துப் போட்டவங்களுக்காவது சொல்லலாமே. அவங்க நடந்ததுல தெரிஞ்சதுதானே?”

கோப்பு மூடப்படவில்லை. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும், இறந்தவர்களின் வீட்டுக்கும், டாக்டர் முடிவை எழுதி அனுப்பினார். கவர்களுக்கு முகவரி எழுதியது நான். கட்டுரையும் எழுதினார். அதில் யாரும் கேட்காமலே ஒரு வரி சேர்த்தார்: ‘மறுநாள் நடப்பதே வெல்லும் என்று ஆய்வைத் தொடங்கும் முன் நான் நம்பினேன், அது தவறு.’ இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. மூன்றாவது வெளியிட்டது. படித்து அறிவாளியானவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தன் தோல்வியைத் தன் கையாலேயே அச்சுக்கு அனுப்பியவரை அப்போதுதான் பார்த்தேன்.

இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தபின் வார்டில் ஒரு புது வழக்கம் வந்தது. எந்த நாள் எழுந்திருப்பது என்பதை நோயாளியே சொல்லலாம். சென்ற மாதம் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அந்த வார்டுக்கு வந்தார். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் வந்து கேட்டார்.

“மறுநாளா, மூணாம் நாளாம்மா?”

எதையும் சொன்ன விலைக்கு வாங்கிப் பழகாத மாமியார், “ரெண்டுக்கும் நடுவுல, ரெண்டாம் நாள்” என்றார்.

டாக்டர் சிரித்தார். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, “ரெண்டாம் நாளைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. நாங்க பார்க்கல. கெடுதல் வராதுன்னு தோணுது, ஆனா தெரியும்னு சொல்ல மாட்டேன்” என்றார்.

மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். “தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றீங்களே, அது போதும். ரெண்டாம் நாளே வாக்கரைக் கொண்டு வாங்க.”