மூடி மாறிய வாளிகள்

மார்ச் 12, செவ்வாய்.

வாளி மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டேன். போன வாரம் கழுவி வைத்தபோது நடந்திருக்க வேண்டும். இன்றுதான் தெரிந்தது.

நீல மூடி வாளியில் உப்பு கலந்த தண்ணீர், பச்சை மூடி வாளியில் சாதா தண்ணீர் இருக்க வேண்டும். கடல் மீன் தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்த மட்டத்தைச் சாதா தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். மாலையில் நான் கணக்குப்பதிவு வகுப்புக்குப் போய்விடுவதால் அந்த வேலையை அண்ணி ஏற்றுக்கொண்டார். பச்சை மூடி வாளி, கண்ணாடியில் ஒட்டிய கோடு வரைக்கும். ஒருநாளும் தவறவிட்டதில்லை. தவறவிட்டவள் நான். ஞாயிறுதோறும் உப்பை அளப்பவள், பரீட்சை என்று இந்த ஞாயிறு அளக்கவில்லை.

தொட்டி ஒரு பல் டாக்டருடையது. கிளினிக்கை மூடும்போது பாறை, பவளம், ஒற்றைக் கோமாளி மீன் எல்லாவற்றோடும் சேர்த்துக் கொடுத்தார். "செத்துட்டா போன் பண்ணாதம்மா. நல்லா இருந்தா மட்டும் பண்ணு" என்றார். முன்பு வளர்த்த மீன்கள் செத்தபிறகு இனி மீனே வேண்டாம் என்றிருந்த நான் எப்படித் தலையாட்டினேன் என்று இன்னும் புரியவில்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரம் மீன் இரையைத் தொடவே இல்லை. "மாப்பிள்ளை முறுக்கு" என்றார் அண்ணி. அதுவே பெயராகிவிட்டது.

இன்று நான் உள்ளே நுழைந்தபோது அண்ணி தொட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை ஹீட்டருக்குப் பின்னாடி போய் ஒண்டிக்கிட்டு இருக்கான். மூச்சு வாங்குது பாரு."

பவளமும் சுருங்கிக் கிடந்தது. உப்புமானியில் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். முப்பத்தைந்து காட்ட வேண்டியது நாற்பத்தொன்று காட்டியது. பகலெல்லாம் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அளக்கிறவள் நான். முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். சாதா தண்ணீர் விட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும். பச்சை மூடி வாளியிலிருந்து ஒரு சொட்டு எடுத்தேன். முப்பத்தைந்து. கருவி போச்சு என்று நினைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.

கரித்தது.

அண்ணி என் முகத்தையே பார்த்தார். "நான் ஏதாவது பண்ணிட்டேனா? கோடு வரைக்கும்தானே ஊத்துனேன்? இனிமே நான் அதைத் தொடவே மாட்டேன்பா. என் கை ராசியே அப்படி."

மூடிகளைச் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிடலாம் என்று தோன்றியது. யாருக்கும் தெரியாது. ஆனால் நாளையிலிருந்து அண்ணி முக்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார், மீன் செத்தால் தன்னால்தான் என்று காலமெல்லாம் நினைப்பார்.

"உங்க மேல தப்பே இல்ல அண்ணி. மூடிய மாத்திப் போட்டது நான்தான். நீங்க ஊத்துனது உப்புத் தண்ணி."

அண்ணி வாளியைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். "அப்போ இத்தனை நாளா நான் மாப்பிள்ளையக் கருவாடு போட்டுக்கிட்டு இருந்தேனா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் சிரிக்கவில்லை. "பரீட்சைக்கு என்னை உக்காரவச்சுக் கேள்வி கேக்கச் சொன்னியே, அப்ப உப்பை அளக்கவும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

அண்ணன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "இதுல என்ன யோசனை? பாதியை இறைச்சுட்டு நல்ல தண்ணிய ஊத்து, முடிஞ்சுது."

"ஒரேயடியா மாத்துனா தாங்காதுண்ணா."

"ஆமாமா, போன தொட்டிய நீ காப்பாத்திக் காப்பாத்தியேதானே கொன்ன."

"நீங்க போய் டிவி பாருங்க" என்று அண்ணி அவனை விரட்டினார்.

உண்மையில் என் கையும் அதற்குத்தான் துடித்தது. ஆனால் பாதித் தண்ணீரை மாற்றினால் உப்பு இன்றே முப்பத்தைந்துக்கும் கீழே போய்விடும். அண்ணியிடம் ஒரு ஜக்கைக் கொடுத்தேன். அவர் தயங்கினார். "நீங்கதான் ஊத்தணும்" என்றேன். தொட்டியிலிருந்து நான் ஒரு ஜக் எடுத்தேன். அவர் சரியான வாளியிலிருந்து முதலில் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, நூல் மாதிரி மெல்லிசாக ஊற்றினார். பிறகு அளந்தேன். நாற்பது. அத்தோடு நிறுத்தினேன். நிறுத்தியது சரியா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை.

மீன் இன்னும் ஹீட்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது. செவுள் வேகமாகத்தான் அடிக்கிறது. அண்ணி முக்காலியை எடுக்கவில்லை.

நாளை: கடைக்குப் போகும் முன் உப்பை அளக்க வேண்டும். நான் ஒரு ஜக் எடுக்க, அண்ணி ஒரு ஜக் ஊற்ற வேண்டும். அதற்கு மேல் தொட்டியில் கை வைக்கக் கூடாது. வாளிகளின் உடம்பிலேயே பெயின்ட்டால் எழுத வேண்டும், மூடியில் அல்ல.