நாலு பவுண்டா ஆறு பவுண்டா

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. ஹாலிஸ் டிட்மோர் எழுந்து காபி மெஷினில் தூளைப் போட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் போனான். அங்கே ஓடாத பழைய ஃப்ரீசர் பெட்டி ஒன்று மூடியில்லாமல் கிடந்தது. அதில் தண்ணீர். தண்ணீரில் தூண்டிலுக்கு இரையாகப் போடும் பொடிமீன்கள். ஒரு ரப்பர் குழாய் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. பாதித் தண்ணீரை வாளியில் மொண்டு புல்லில் ஊற்றினான். குழாய்த் தண்ணீரை நேரே விடக் கூடாது, குளோரின் மீனைக் கொன்றுவிடும். ஊர்த் தண்ணீரில் குளோரின் கலப்பதே அவன் வேலைதான். படித்த படிப்பு அதற்கு. இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்திருந்த தண்ணீரை எடுத்து ஊற்றினான். செத்ததை எண்ணினான். இன்றைக்கு இரண்டு. மக்னோலியா மரத்தடியில் போட்டான். பூனை வந்தது. காபி குடித்தான். நேற்றைய சோளரொட்டியைச் சுட வைத்துத் தின்றான். வேலைக்குக் கிளம்பினான்.

ஏழு மாதமாக இப்படித்தான். அந்த ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட அவன் மீன் பிடிக்கப் போகவில்லை.

புதன்கிழமைகளில் வழியில் டூலியின் தூண்டில் கடையில் நிற்பான். இரண்டு டஜன் பொடிமீன் வாங்குவான். ஃப்ரீசரில் இருந்தவை வளர்ந்துவிட்டன. பெரியவை புதியவற்றைத் தின்றன. குறைந்தால் அவனுக்கு என்னவோ போல இருந்தது.

“எங்கடா பிடிக்கிற?” என்றான் டூலி, வலையால் மீனை அள்ளிக்கொண்டே.

“எங்கேயும் இல்ல.”

“வாராவாரம் ரெண்டு டஜன் வாங்குற. வறுத்துத் திங்கிறியா?”

“வளர்க்கிறேன்.”

“பொடிமீனை எவனாவது வளர்ப்பானா? கோழியை விட்டுட்டுக் கோழித்தீவனத்தை வளர்க்கிற மாதிரி இருக்கு.” டூலி பையில் ஆக்ஸிஜன் ஏற்றி முடிச்சுப் போட்டான். பிறகு கல்லாவின் மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினான். “சனிக்கிழமை சொல்லிடுவ இல்ல?”

ஹாலிஸ் காசை எண்ணிக் கல்லாவில் வைத்தான். அவன் பின்னால் கடைச் சுவரில் தூண்டில் நரம்புச் சுருள்கள் தொங்கின. இடது பக்கம் நாலு பவுண்டு எடை தாங்குவது. வலது பக்கம் ஆறு பவுண்டு. நடுவில் டூலி வெள்ளைச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தான். கோட்டைத் தாண்டி யாரும் கை நீட்டுவதில்லை.

விஷயம் இதுதான். ஹாலிஸின் மனைவி ரேலின் டாலபோகா ஏரியில் கிராப்பி பிடிக்கும் போட்டியில் தொடர்ந்து மூன்று வசந்தம் ஜெயித்தவள். கிராப்பி என்பது அந்த ஊரில் மீன் மட்டுமல்ல. டாக்வுட் மரம் பூத்தால் கிராப்பி கரையோரம் முட்டையிட வரும்; அந்த மூன்று வாரம் கல்யாணம், அறுவை சிகிச்சை, வாக்குமூலம் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் மூன்று முறை ஜெயித்தவள் எந்த நரம்பைப் போடுகிறாள் என்று சொன்னதே இல்லை. சுருளின் மேல் பவுண்டு போட்டிருந்த சீட்டை வீட்டுக்கு வந்ததும் கிழித்துப் போட்டுவிடுவாள்.

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அவளுக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் கண்ணைத் திறந்து ஹாலிஸிடம் பேசினாள். அப்போது ஜெபம் முடித்து வெளியே போய்க்கொண்டிருந்தவர் பாப்டிஸ்ட் சபையின் போதகர், பிரதர் லமார். கதவு சாத்திக்கொள்ளும் முன் அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்: ஆறு. சலைன் புட்டியோடு உள்ளே வந்தவள் நர்ஸ் ஷெர்லீன். அவள் கேட்டதும் ஒரே ஒரு சொல்: நாலு. அதன் பிறகு ரேலின் பேசவில்லை.

அடக்கம் முடிந்து சபை மண்டபத்தில் சாப்பாடு. “கடைசி மூச்சிலும் அந்தப் பிள்ளை நமக்கு ஒரு கொடை விட்டுப் போனாள். ஆறு என்றாள்” என்று பிரதர் லமார் கண்ணீரோடு சொன்னார். உருளைக்கிழங்கு சாலட் பரிமாறிக்கொண்டிருந்த ஷெர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள். “நாலு, பிரதர்” என்றாள்.

ஒரு கரண்டி கீழே வைத்த சத்தத்தில் ஒரு சபை இரண்டானது.

அவள் நரம்பைப் பற்றித்தான் பேசினாள் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சாகப் போகிற நேரத்தில் ரேலின் வேறு எதைப் பற்றிப் பேசுவாள்? செப்டம்பரில் நாலுக்காரர்கள் இடது பெஞ்சுகளுக்கும் ஆறுக்காரர்கள் வலது பெஞ்சுகளுக்கும் போனார்கள். அக்டோபரில் பாட்டுக் குழு பிரிந்தது. ஆறுக்காரர் பக்கம் கட்டைக்குரல் இல்லை, நாலுக்காரர் பக்கம் அது மட்டும்தான் இருந்தது. சபை வாசல் அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் ‘கர்த்தர் ஆறு நாளில் உலகைப் படைத்தார்’ என்று இருந்தது. மறு வாரம் ‘சுவிசேஷங்கள் எத்தனை? எண்ணிப் பார்’ என்று இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன் யாரோ இரவோடிரவாக ‘சாத்தானின் மிருகத்துக்கு எண் 666. எத்தனை ஆறு?’ என்று எழுதிவிட, ஆறுக்காரர்கள் பதிலுக்கு வெளிப்படுத்தின விசேஷத்தில் நாசம் கொண்டுவரும் நான்கு குதிரைக்காரர்களை அவிழ்த்துவிட்டார்கள்.

எல்லோரும் கடைசியில் ஹாலிஸிடம்தான் வந்தார்கள். அந்த அறையில் முழுவதும் கேட்டவன் அவன் ஒருவன்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய சட்டைகளை அவள் அக்கா கொண்டுபோனாள். படகை அவள் அப்பா கொண்டுபோனார். அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தைகள் மட்டும் அவனிடம் இருந்தன. அதையும் ஊருக்குப் பந்தி வைக்க அவனுக்கு மனமில்லை.

டூலியிடம் ஒரே ஒருமுறை வேறொரு உண்மையைச் சொல்லிப் பார்த்தான்.

“எந்த நரம்புன்னு அவளுக்கே தெரியாது டூலி. சீசன் முடிஞ்சதும் நீ தள்ளுபடிக் கூடையில போடுவ இல்ல, அதுல கை விட்டு எது வந்துச்சோ அதை எடுப்பா. சீட்டைக் கிழிக்கிறது ரகசியத்துக்கு இல்ல. நகம் சும்மா இருக்காது அவளுக்கு.”

டூலியின் முகம் தொங்கிவிட்டது. “செத்தவங்களைப் பத்தி அப்படிப் பேசாதடா” என்றான்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். டூலி, பிரதர் லமார், ஷெர்லீன். நாலாவது ஆள் டிராக்டர் பழுதுபார்க்கும் வார்டெல். அவன் மெதடிஸ்ட், வேறு சபைக்காரன். நடுவராக அழைத்து வந்திருந்தார்கள். கையில் இரும்புத் தகட்டின் தடிமன் அளக்கும் கருவி வைத்திருந்தான்.

“மன்னிக்கணும் தம்பி” என்றார் பிரதர் லமார், தொப்பியைக் கழற்றி. “அவளோட ரீல் இன்னும் இருக்கா?”

“இருக்கு, சார்.”

“அளந்துட்டுப் போயிடறோம்.”

துணி துவைக்கும் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கியது நரம்பு சுற்றிய அந்த ரீல். ஹாலிஸ் எடுத்துக் கொடுத்தான். வார்டெல் நரம்பை இழுத்தான். அது நேராக வரவில்லை, சுருள் சுருளாக வந்தது.

“சும்மா கிடந்தா அப்படித்தான்” என்றான் டூலி. “சுத்தி வச்ச மாதிரியே இருக்கணும்னு அதுக்கு ஞாபகம் பிடிச்சுக்கும்.”

“நரம்பு மஞ்சளா இருக்கு, பாத்தீங்களா?” என்றாள் ஷெர்லீன். “கிராப்பி கீழேருந்து மேல வந்து கவ்வும். இழுக்கவே இழுக்காது. நரம்பு லேசா தளரும், அவ்வளவுதான். அதைக் கண்ணால பிடிக்கணும். மெல்லிசா இருந்தாத்தான் அந்தத் தளர்ச்சி தெரியும். நாலு.”

“மிஸ் ஷெர்லீன், அந்த ஏரி அடியில ஒரு காடே முழுகிக் கிடக்கு” என்றார் பிரதர் லமார். “நாலு பவுண்டு நரம்பு கிளையில மாட்டினா ‘ஆமென்’ சொல்றதுக்குள்ள அறுந்துடும். ஆறுன்னா ஒரு இழு இழுத்தா கொக்கி நிமிர்ந்து கைக்கு வந்துடும்.”

“கூடவே மீனோட உதடும் வந்துடும், பிரதர். அதுக்கு வாய் காகிதம் மாதிரி. நரம்பு கொஞ்சம் நீண்டு குடுக்கணும். கிராப்பியைப் பிடிக்கிறோமா, பல்லைப் பிடுங்குறோமா?”

“போன வருஷம் நீ பிடிச்சதைப் பாத்தேனே. கண்ணாடி போட்டுத்தான் பாத்தேன்.”

“உங்க தம்பி பிடிச்சதைப் பாக்கக் கண்ணாடி வேணாம். படகோட கவுந்தாரே, கரையிலேருந்தே தெரிஞ்சுது.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடாம இருங்க” என்றான் வார்டெல். “முள்ளு ஆடுது.”

நாலு பவுண்டு நரம்பு என்றால் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு. ஆறு என்றால் ஒன்பது. வார்டெல் மூன்று முறை அளந்தான். கருவியைத் துடைத்து நாலாவது முறையும் அளந்தான்.

“எட்டரை” என்றான்.

மற்றவர்கள் முள்ளின் மேல் குனிந்தார்கள்.

“அப்போ அஞ்சு” என்றான் வார்டெல் மெதுவாக.

“மெதடிஸ்டைக் கூட்டிட்டு வந்தா இதுதான் நடக்கும்” என்றாள் ஷெர்லீன்.

வெளியேறும்போது டூலி மட்டும் பின்தங்கினான். “ஹாலிஸ், சனிக்கிழமை படகுத்துறையில கல்பெஞ்சு திறக்கிறோம். அவ பேர்ல. கல்லு வந்தாச்சு. ‘ரேலின் டிட்மோர், கடைசியாகச் சொன்னது’ன்னு வெட்டி, கீழ காலியா விட்டிருக்கு. நீ சொல்லலைன்னா அங்கேயே ஓட்டு எடுத்து எண்ணைக் கல்லுல வெட்டிடுவாங்க. நான் தடுத்துப் பாத்துட்டேன்.”

“ஓட்டு எடுத்தா?”

“ஆமா. கை தூக்கி.”

அன்று ஹாலிஸ் அந்தக் கல்லை நினைத்துக்கொண்டு படுத்தான். தப்பான எண் ஒன்று கருங்கல்லில் ஏறிவிட்டால் அவனுக்குப் பிறகும் அது இருக்கும். அவள் சொன்னது அவனோடு போய்விடும். சொன்னாலோ இந்தக் கூட்டத்துக்குப் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் இழப்பு அவனுக்கு.

சனிக்கிழமை ஆறு மணிக்கு எழுந்தான். தண்ணீர் மாற்றினான். ஒன்றுகூடச் சாகவில்லை. படகுத்துறைக்குப் போனான்.

டாக்வுட் பூத்திருந்தது. எண்பத்து மூன்று படகுகள். இடது பக்கம் நாலு, வலது பக்கம் ஆறு, நடுவில் வார்டெல் தன்னந்தனியாக ஒரு தகரப் படகில். இரண்டு எண்ணெய்ச் சட்டிகளில் இரண்டு கட்சிக்கும் தனித்தனியாக மீன் பொரிந்தது. நாலுக்காரர்களின் சோளமாவு உருண்டை கருகிவிட்டது, அதைப் பற்றி ஆறுக்காரர்கள் பெருந்தன்மையாக எதுவும் சொல்லாமல் சத்தமாக மூக்கை உறிஞ்சினார்கள்.

பெஞ்சுக்கு மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. பக்கத்தில் கல் வெட்டுபவன் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் எண் வடிவம் வெட்டிய அச்சுத் தகடுகள் இரண்டு: ஒரு 4, ஒரு 6. வெளியூர்க்காரன். அவனுக்கு எதுவானாலும் ஒன்றுதான்.

பிரதர் லமார் ஜெபித்தார். ஜெபத்தில் ஆறு முறை ‘கர்த்தாவே’ வந்தது. ஷெர்லீன் எண்ணிவிட்டு மூக்கு வழியாகச் சிரித்தாள். பிறகு டூலி தார்ப்பாயை இழுத்தான். சாம்பல் நிறக் கல். அவள் பெயர். அதன் கீழே உள்ளங்கை அளவுக்கு வழவழப்பான காலியிடம்.

டூலி மைக்கைக் கொண்டுவந்து ஹாலிஸிடம் நீட்டினான். அவன் வாங்கவில்லை. பிறகு யாரோ, “அப்போ ஓட்டு எடுத்துடலாம்” என்றார்கள். இடது பக்கம் கைகள் மேலே போயின. அவற்றைப் பார்த்து வலது பக்கக் கைகளும் போயின. வார்டெலும் ஒரு கையை, ஐந்து விரலையும் விரித்துத் தூக்கினான். டூலி விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தான்.

கல் வெட்டுபவன் எழுந்து ஒரு தகட்டைக் கல்லின் மேல் வைத்துப் பார்த்தான். 4. அதை எடுத்துவிட்டு 6ஐ வைத்துப் பார்த்தான். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின.

ஹாலிஸ் அவன் அருகே போனான்.

“இங்க எத்தனை எழுத்து பிடிக்கும்?”

“இதுலயா? ஒண்ணு. நெருக்கினா ரெண்டு.”

“பத்தாது.”

“பின்பக்கம் காலியா இருக்கு சார். எவ்வளவு வேணாலும் வெட்டலாம். எண்ணுக்கு எதுக்கு அவ்வளவு இடம்?”

ஹாலிஸ் டூலியின் கையிலிருந்து மைக்கை எடுத்தான். அது ஒரு கீச்சுக் கீச்சியது. இருநூறு கைகள் மேலே நின்றபடியே இருந்தன.

“பிரதர், நீங்க கேட்டதும் சரி” என்றான். “மிஸ் ஷெர்லீன், நீங்க கேட்டதும் சரி. ரெண்டுமே சொன்னா. நரம்பைப் பத்தி இல்ல.”

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

கல் வெட்டுபவன் பென்சிலை எடுத்துப் பெஞ்சின் பின்பக்கம் போய் மண்டியிட்டான். “மெதுவா சொல்லுங்க சார். எழுதிக்கிறேன்.”

ஹாலிஸ் மெதுவாகச் சொன்னான்.

“ஆறு மணிக்குப் பொடிமீனுக்குத் தண்ணி மாத்திடு ஹாலிஸ். போன தடவை நீ மறந்து நாலு செத்துப்போச்சு.”