திருப்பித் தைத்த காலர்

என் அண்ணன் அப்பாவை வரைந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதுமே இதில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அவன் சும்மா யாரையும் வரைகிறவன் இல்லை.

அப்பா தையல்காரர். கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் பொத்தானுக்குக் காஜா மட்டும் எடுக்கிறார். அண்ணன் பெரிய ஓவியன். கண்காட்சிக்கு முந்தின நாள் போன் செய்தான்.

"அப்பாவக் கூட்டிட்டு வா. கோட்டு கீட்டு வேணாம். கிழிஞ்ச சட்டை ஏதாவது போட்டு விடு. அப்பதான் படத்தோட ஒத்துப்போகும்."

சொன்னேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிஜமாகவே யோசித்தார்.

"கிழிஞ்ச சட்டைக்கு எங்கம்மா போறது? நம்ம வீட்ல ஏது?"

கடைசியில் தானே தைத்த சாம்பல் நிறக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு வந்தார்.

வாசலில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ஓவியரின் குடும்பப் பின்னணியாம். பட்டினி, ஒழுகும் கூரை, தெருவிளக்குப் படிப்பு என்று வாய் கூசாமல் அளந்திருந்தான். காசுக்கு இழுபறிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் புத்தகத்தை மூஞ்சியில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினவன் இவன். மூன்று வேளையும் தின்றுவிட்டு என் தட்டிலும் கை வைப்பான்.

படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. எலும்பும் தோலுமாக அப்பா. தோளில் கிழிசல், காலர் நார் நாராகப் பிரிந்து தொங்கியது. தையல் மெஷினின் சக்கரத்தை அவருடைய இடது கைப் பக்கம் வரைந்திருந்தான். எந்த மெஷினிலும் அது தைக்கிறவரின் வலது கைப் பக்கம்தான் இருக்கும். பதினெட்டு வருஷம் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றவன். கூட்டம் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தது.

ஒரு அம்மாள் அப்பாவிடமே கேட்டார். "பாவம், இந்த மனுஷன் உயிரோட இருக்காரா?"

"இருக்காருங்க" என்றார் அப்பா.

கோட்டைப் பார்த்ததும் அண்ணன் முகம் சுருங்கியது. என்ன செய்ய, மைக்கைப் பிடித்தாயிற்று. "இவர்தான் என் அப்பா" என்றான். எல்லோரும் படத்தையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அப்பா படத்துக்கு அருகில் போய்க் காலரை உற்றுப் பார்த்தார். மகன் என்ன செய்தாலும் சிரித்துவிட்டுப் போகிறவர். இதையும் விழுங்கிவிட்டால், நாளை முதல் எல்லோருக்கும் அவர் இந்தப் பஞ்சைதான்.

"பெரியவனே, உன் ஸ்கூல் சட்டைல காலர் நைஞ்சு போனா நான் என்ன பண்ணுவேன்?"

அண்ணன் மைக்கைத் தாழ்த்தினான். "பிரிச்சுத் திருப்பித் தைப்பீங்க. நைஞ்ச பக்கம் அடியில போயிடும்."

"கிளாஸ்ல யாருக்காவது தெரிஞ்சுதா?"

"இல்லப்பா."

"ஒருத்தனும் உன்ன ஐயோ பாவம்னு பாக்கக் கூடாதுன்னுதான் அப்படித் தைச்சேன். எனக்கு நீ இதப் பண்ணியிருக்கியே."

அண்ணன் கை தானாகப் பின்கழுத்துக்குப் போய்க் காலரைத் தடவியது. கூட்டத்தில் யாரும் உச்சுக் கொட்டவில்லை.

அப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் மைக்கை வாங்கிச் சொல்லிவிட்டு வந்தேன்.