ஆறு வாய்ச் சொல்

ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும் மாயக்காளுக்குத் தண்ணிபட்ட பாடு. மதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்த அவளை இங்கிலீஷ் நோய்ப் பெயர்கள்தான் அழவைத்தன. பாழாய்ப்போன வெள்ளைக்காரன் ஒரு மார்ச்சளிக் காய்ச்சலுக்கு இம்புட்டு நீளத்துக்கா பேர் வைப்பான்! பிராங்கோநியூமோனியாவாம். பாதியிலேயே நாக்கு சுளுக்கிக்கொண்டது.

வாய்மொழிப் பரீட்சையில் தேறாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் மகளும் இல்லை. புருஷன் செத்த பிறகு, இரண்டரை வயது பேச்சியைத் திருமங்கலத்தில் நாத்தனார் அன்னக்கொடியிடம் விட்டு வந்திருந்தாள். பிள்ளையில்லாத அன்னக்கொடி கறாராகச் சொல்லிவிட்டாள்: "வேலையோட வந்தாக் கூட்டிட்டுப் போ மாயக்கா. தோத்துட்டு வந்தா அவ எம்பிள்ள. நடுவுல வந்து எட்டிப் பாக்காத, பிள்ள ஏங்கிப் போகும்."

ஏங்கியது என்னவோ பெற்றவள்தான். தட்டின் முன்னால் உட்கார்ந்தால் சோறு இறங்காது. ஒருநாள் கை தன்பாட்டில் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டியது. அப்பாவுக்கு ஒரு வாய், அத்தைக்கு ஒரு வாய் என்று எத்தனை நாள் ஊட்டியிருப்பாள்! அட, இந்தச் சொல்லையும் அப்படி ஊட்டினால் என்ன? பிராங், கோ, நியூ, மோ, னி, யா. ஆறு வாய். அன்றிலிருந்து எந்தப் பெயரையும் மகளுக்கு ஊட்டுவதாக நினைத்தே படித்தாள்.

பரீட்சையில் டாக்டரம்மா அந்த மார்ச்சளிக் காய்ச்சலின் பெயரையே கேட்டார். மேஜைக்குக் கீழே மாயக்காளின் விரல்கள் சோறு உருட்டின. சொல் பிசிறில்லாமல் வந்தது.

வேலை உத்தரவோடு திருமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேச்சி அன்னக்கொடியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"யாரு அத்த இது?"

அன்னக்கொடியின் கையில் பேச்சிக்குப் போட்ட சோற்றுத் தட்டு இருந்தது. மாயக்காள் அதை வாங்கி ஒரு உருண்டை நீட்டினாள். "அப்பாவுக்கு ஒரு வாய்…"

"வேணாம். நானே திம்பேன்."

நீட்டிய கையை மடக்க மனசு வரவில்லை. படித்த பழக்கத்தில், "பிராங்" என்றாள்.

பேச்சி எட்டிப் பார்த்தாள்.

"கோ."

கிளுக்கென்று சிரித்ததில் வாய் திறந்தது. ஆறு உருண்டையும் உள்ளே போயின.

"அம்புட்டுத்தானா?"

"இதவிட நீளமானதெல்லாம் இருக்கு தாயி," என்று மாயக்காள் அவளை வாரியெடுத்துக்கொண்டு அழுதாள்.

அன்னக்கொடி உள்ளே போய்ப் பேச்சியின் பாவாடை சட்டைகளை மூட்டை கட்டினாள். கொண்டுவந்து கொடுக்கும்போது மூக்கை உறிஞ்சினாள்.

"மாயக்கா, அந்தச் சொல்ல எனக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போ. லீவுக்கு வந்தா நானும் ஊட்டணும்ல?"