ஹேசல்டீன் ஹவுஸில் கை நனைக்காத விருந்தாளிகள்

மெல்பேர்ன் மல்கிரேவிலிருந்து கார் புறப்படும் முன்பே சிவனேஸ்வரி சட்டம் போட்டுவிட்டாள். தான் சரி என்று சொல்லும்வரை அந்த வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது. சோறு கறி மட்டுமல்ல, தேத்தண்ணியும் கூடாது, பச்சைத் தண்ணீரும் கூடாது. சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் பேச்சு முற்றாகும் முன் ஒரு வாய் சாப்பிட்டாலும் அது சம்மதம் சொன்ன மாதிரி. அந்தக் காலத்தில் அவளைப் பெண் பார்க்க வந்த, புருசன் விக்னராஜாவின் தாய் தகப்பனும், சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு வந்திருந்தும், நீட்டிய மோரைத் தொடாமலே எழும்பிப் போனவர்கள். இரண்டாம் முறை வந்து எல்லாம் பேசி முடித்த பிறகுதான் பலகாரத் தட்டில் கை வைத்தார்கள்.

சட்டம் யாரைச் சுடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விக்னராஜா நீர்வழங்கல் சபையில் எஞ்சினியர். நல்ல மனிதர், பொறுமைசாலி, ஆனால் பந்தி என்றால் முந்துகிற ஆள். இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் பிரபுக்களின் பழைய மாளிகைகளை ஹோட்டல்களாக மாற்றியிருக்கிறார்களாம், வாரக் கடைசியில் போய் இரண்டு நாள் பிரபு மாதிரி இருந்துவிட்டு வரலாமாம். அதே மாதிரி ஒன்றை மெல்பேர்னுக்கு வடக்கே, மசிடன் மலையில், ஒரு இங்கிலாந்துக்காரி நடத்துகிறாள் என்றும் அங்கே சாப்பாடு பிரமாதம் என்றும் அவர் அலுவலகத்தில் விசாரித்து வைத்திருந்தார். ஆகவே காரை எடுக்கும் முன் ஒரு நியாயம் பேசிப் பார்த்தார்.

"இஞ்சாரும், அது வீடில்லை, ஹோட்டல். ஹோட்டலிலை சாப்பிட்டு ஆரும் சம்பந்தியானதாக் கேள்விப்பட்டனீரே?"

சிவனேஸ்வரி யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். நியாயம் என்றால் கொஞ்சம் யோசிப்பாள். பில் தந்தால் சாப்பிடலாம், தராவிட்டால் இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பெட்டியில் புட்டையும் சம்பலையும் அடைத்து, தேயிலையும் பிளாஸ்கில் தண்ணீரும் எடுத்து, உடுப்புப் பெட்டிக்கு அடியில் மறைத்து வைத்தாள்.

விசயம் இதுதான். மகள் வைதேகி ஆஸ்பத்திரியில் மருந்தாளர். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பீற்றர் ஹார்ட்லியைக் கலியாணம் செய்யப்போவதாகத் தைப்பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் சொன்னாள். பையன் வெள்ளைக்காரன் என்பதை விக்னராஜா ஒரு மாதத்தில் விழுங்கிவிட்டார். சிவனேஸ்வரிக்கு அது சித்திரை வரைக்கும் தொண்டையிலேயே நின்றது. 'அம்மா வேண்டாம் எண்டால் செய்யமாட்டன்' என்று வைதேகி சொல்லியிருந்தாள். அழுது அடம்பிடித்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். இப்படிச் சொல்லி முழுப் பாரத்தையும் தாயின் தலையில் இறக்கி வைத்துவிட்டாள். பீற்றரின் தாய்தான் அந்த ஹோட்டல்காரி. இரண்டு நாள் வந்து தங்கிப் போங்கள் என்று அவள் அழைத்திருந்தாள். பீற்றருக்கு அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரியில் வேலை.

ஹேசல்டீன் ஹவுஸில் எந்த இடத்திலும் ஹோட்டல் என்று எழுதியிருக்கவில்லை. அதுதான் அந்த வகை ஹோட்டலின் பெருமையாம். செங்கல் மாளிகை, சுவரெல்லாம் படர்ந்த கொடி, வாசல் நெடுக ஓக் மரங்கள் பழுத்த இலையைக் கொட்டிக்கொண்டிருந்தன. உள்ளே போனால் கவுண்டர் இல்லை, பெரிய ஹோலில் விறகு எரிகிற கணப்பு, பூப் போட்ட துணி உறையிட்ட கதிரைகள், ஆரோ செத்துப்போன பிரபுவின் படம். பொன் தோண்டிப் பணக்காரனான ஒருவன் கோடைக்குக் கட்டிய வீடாம். இருபது வருடத்துக்கு முன் மிஸிஸ் ஹார்ட்லியும் புருசனும் பாழடைந்து கிடந்ததை வாங்கித் திருத்தினார்களாம். புருசன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம், அவள் தனியாக நடத்துகிறாள்.

மிஸிஸ் ஹார்ட்லி வாசலுக்கே வந்து சிவனேஸ்வரியின் இரண்டு கையையும் பிடித்தாள். வெள்ளைத் தலை, நீலச் சட்டை, முகம் நிறையச் சிரிப்பு. "நீங்கள் வந்ததில் எங்களுக்கு எவ்வளவு சந்தோசம். உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்" என்றாள். சிவனேஸ்வரிக்கு மனம் சற்று இளகத்தான் செய்தது. பின்னால் இரண்டு நாயோடு ஒரு கனவான் வந்து இறங்கினார். மிஸிஸ் ஹார்ட்லி அவருக்கும் அதே சிரிப்பைச் சிரித்து அதே வசனத்தைச் சொன்னாள். பிறகு கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு சோடி வந்தது. அவர்களுக்கும் அதே. பாடமாக்கி ஒப்புவிக்கிற பிள்ளையைக் கண்டுபிடிக்க ஆசிரியைக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? இளகின மனம் திரும்ப இறுகிப்போயிற்று.

விக்னராஜா இதற்கிடையில் பில் விசயத்தை முடிக்கப் போயிருந்தார். முடித்துக்கொண்டு வந்த முகத்தைப் பார்த்தாலே விளங்கியது. குடும்பத்துக்கு ஆரும் பில் போடுவார்களா என்று மிஸிஸ் ஹார்ட்லி சிரித்துக்கொண்டு கையை விரித்துவிட்டாளாம். ஹோட்டல் அந்தக் கணமே வீடாகிவிட்டது.

பின்னேரம் கணப்புக்குப் பக்கத்தில் தேத்தண்ணி வைத்தார்கள். மூன்று அடுக்குத் தட்டில் ஸ்கோன், ஜாம், கட்டிப் பாலாடை, விரல் நீளத்துக்கு வெட்டின சாண்ட்விச். சிவனேஸ்வரி தனக்குச் சனிக்கிழமை விரதம் என்றாள். விக்னராஜாவுக்கு வயிற்றுக் கோளாறு என்றும் அவளே சொன்னாள். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு தலையாட்டினார், கண் மட்டும் ஸ்கோனில் நின்றது. வைதேகி தட்டைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. கையில் எடுத்த ஸ்கோனைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள்.

அறை என்றால் அறைதான். கட்டில் அவ்வளவு உயரம், ஏறுவதற்குச் சின்னப் படி வைத்திருந்தார்கள், மேலே நாலு தூணும் திரைச்சீலையும். அந்தக் கட்டிலில் சம்பல் மணம் ஏறிவிடும் என்று பயந்து, புருசனும் பெண்சாதியும் குளியலறைக்குள் யன்னலைத் திறந்துவிட்டு, குளிக்கும் தொட்டியின் விளிம்பில் இருந்து குளிர்ந்த புட்டைத் தின்றார்கள். விக்னராஜாவின் பசிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனாலும் அவர் ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்லவில்லை. அதற்காகவே சிவனேஸ்வரிக்கு அவர் மேல் பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வைதேகி கதவைத் தட்டி உள்ளே வந்தாள். புட்டுப் பெட்டியைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஹார்ட்லி வீட்டுக்காரர் என்ன பிழை செய்தார்கள் என்று கேட்டாள். ஒரு பிழையும் இல்லை, அதுதான் பிழை என்றாள் தாய்.

"எல்லாருக்கும் ஒரே சிரிப்புத்தான் சிரிக்கிறா, பிள்ளை. நாளைக்கு உனக்கும் அதுதானே கிடைக்கும்?"

"அது அவவின்ரை ஜொப், அம்மா."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

வைதேகி கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். சிவனேஸ்வரி கையைக் கழுவிக்கொண்டு நெடுநேரம் கண்ணாடி முன் நின்றாள். அவளுக்கு நிறமும் பெரிதில்லை, ஊர் வாயும் பெரிதில்லை. ஊர் வாய் எப்படியும் மெல்லும். இந்தப் பெரிய வீட்டில் தன் பிள்ளை காலம் பூராவும் நன்றாக உபசரிக்கப்படுகிற ஒரு விருந்தாளியாகவே இருந்துவிடுவாளோ என்பதுதான் பயம். நோய் வந்தால், பிள்ளை பெற்றால், புருசனோடு சண்டை போட்டுவிட்டு அழுதால், அந்த மனுசி பூச்சட்டியை நேராக்கி வைத்துவிட்டு 'உங்கள் வீடு மாதிரி' என்று சொல்லிக்கொண்டு நிற்பாளோ? அப்படி ஒரு வீட்டில் பெண்ணைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இரவுச் சாப்பாட்டு மேசையில் சோதனை இன்னும் கூடியது. இவர்கள் சனிக்கிழமை மச்சம் மாமிசம் சாப்பிடமாட்டார்கள் என்று பீற்றரிடம் கேட்டறிந்து, மிஸிஸ் ஹார்ட்லி புதுச் சட்டி ஒன்றில் மரக்கறி சமைத்திருந்தாள். கறி என்று பெயர். மஞ்சள் தூளுக்குள் பூசணிக்காயும் அப்பிளும் உலர்ந்த திராட்சையான முந்திரிகைப் பழமும் மிதந்தன. அவளே தன் கையால் கொண்டுவந்து வைத்தாள். சிவனேஸ்வரி விரதம் என்றாள், மற்ற இருவரும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். மிஸிஸ் ஹார்ட்லியின் சிரிப்பு ஒரு நூல்கூடக் குறையவில்லை. அடுத்த மேசையில் நாய்க்காரக் கனவான் சூப் ஆறிவிட்டது என்று எரிந்து விழுந்தபோதும் அதே சிரிப்போடு குனிந்து மன்னிப்புக் கேட்டுக் கோப்பையை எடுத்துப்போனாள். சிவனேஸ்வரி அதையும் பார்த்தாள். காலையில் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று அப்போதே முக்கால்வாசி முடிவெடுத்தாள்.

ஞாயிறு விடிந்ததும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைத் தேயிலைக்குச் சுடவைக்கலாம் என்று, மூடி திறந்த பிளாஸ்கோடு கீழே இறங்கினாள். குசினிக் கதவு திறந்து கிடந்தது. சமையல்காரன் இன்னும் வரவில்லை. மிஸிஸ் ஹார்ட்லி மட்டும் பழைய கம்பளிச் சட்டையோடு, தலை சீவி இழுக்காமல், மேசைக்கு முன் குந்தியிருந்தாள். எதிரே இரவு வைத்த கறி, அகப்பை படாமல், ஆடை பிடித்துப்போய் இருந்தது.

சிவனேஸ்வரியைக் கண்டு அவள் சிரிக்கவில்லை. பிளாஸ்கைப் பார்த்தாள், அதற்குள் தண்ணீர் இருந்ததையும் பார்த்தாள். பார்த்ததும் முகம் சிவந்தது. பிறகு அவள் ஆங்கிலத்தில் கொட்டினதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"என் வீட்டுத் தண்ணீர்கூடவா உனக்கு ஆகாது? அறையில் ஒளித்துவைத்துச் சாப்பிட்டீர்கள், எனக்குத் தெரியும். இந்தக் கறிக்கு நான் இரண்டு நாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உனக்கு என் பையனைப் பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போ. அவனை இப்படிக் காக்கவைக்காதே. அவனுக்கு இருக்கிறது நான் ஒருத்திதான்."

கடைசி வசனத்தில் குரல் உடைந்தது. மேசையில் கிடந்த கைத்துணியை எடுத்து மூக்கைத் துடைத்தாள். சிவனேஸ்வரி பிளாஸ்கை மேசையில் வைத்தாள். தன்னை அவமதிப்பதாக இந்த மனுசி இரவு முழுக்க நினைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. விரதம் என்று சொன்னது பொய் என்றாள். பிறகு மெல்ல மெல்ல, பள்ளிக்கூட ஆங்கிலத்தில், விசயத்தைச் சொன்னாள். எங்கள் வழக்கத்தில், இந்த வீட்டில் நான் ஒரு வாய் சாப்பிட்டால் பெண்ணைத் தருகிறேன் என்று அர்த்தம். தருவதா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாமல் சாப்பிட்டால் உங்களையும் ஏமாற்றினதாகும், என் பிள்ளையையும் ஏமாற்றினதாகும்.

மிஸிஸ் ஹார்ட்லி கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடிந்ததும் எழும்பினாள். சிவனேஸ்வரிக்கு முன்னால் இருந்த கறிப் பாத்திரத்தை இழுத்துத் தன் பக்கம் வைத்தாள். சீனிப் போத்தலையும் பிஸ்கட் தகரத்தையும்கூடத் தள்ளி வைத்தாள்.

"அப்படியென்றால் சாப்பிடாதே. தவறிப்போய்க் கிடைக்கிற சம்மதம் எனக்கு வேண்டாம்" என்றாள்.

சிவனேஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சூப் ஆறிவிட்டது என்று கத்தினவனுக்குச் சிரிப்பு. நேற்றிலிருந்து ஒன்றும் தொடாத தனக்குத் திட்டு. இருபது வருடமாக வந்தவன் போனவனுக்கெல்லாம் சிரித்துப் பழகின வாய், தன்னிடம் மட்டும் சிரிக்க முடியாமல் உடைந்துபோயிருக்கிறது. ஆரோ ஒருத்தியிடம் இப்படிக் கோபிக்க முடியுமா? தன்னுடைய மனுசர் என்று நினைத்தால்தான் முடியும். இந்த வீட்டில் வைதேகி திட்டு வாங்குவாள், அழுவாள், சமாதானமாவாள் என்று நினைக்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவளாலேயே நம்ப முடியவில்லை.

குழாயடியில் போய் வலது கையைக் கழுவினாள். வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் எட்டி அந்தக் கறிப் பாத்திரத்தைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தாள். மிஸிஸ் ஹார்ட்லி அவசரமாக ஒரு முள்ளுக்கரண்டியை நீட்டினாள். சிவனேஸ்வரி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, விரலாலேயே ஒரு துண்டுப் பூசணிக்காயை எடுத்து வாயில் வைத்தாள்.

வாயில் வைக்க முடியவில்லை. அப்பிள் இனித்தது, மஞ்சள் கசந்தது, முந்திரிகைப் பழம் பல்லில் ஒட்டியது. மென்று விழுங்கினாள். மிஸிஸ் ஹார்ட்லி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தாள்.

சிவனேஸ்வரி நேற்றென்றால் 'மிகவும் நன்றாக இருக்கிறது' என்று சொல்லியிருப்பாள்.

"உப்புப் போதாது" என்றாள். "பழம் போட்டது முழுப் பிழை. அடுத்தமுறை நான் காட்டித் தாறன்."

அதைத் தமிழிலேயே சொல்லிவிட்டாள், பிறகு ஞாபகம் வந்து ஆங்கிலத்தில் சொன்னாள். மிஸிஸ் ஹார்ட்லி உப்புப் போத்தலை எடுக்கப் போனவள் பாதி வழியில் நின்று முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் போலிருக்கிறது.

தாயைத் தேடிக்கொண்டு வைதேகி குசினி வாசலுக்கு வந்தாள். வந்தவளின் கண் முதலில் போனது தாயின் கைக்கு. விரலெல்லாம் மஞ்சள். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

சிவனேஸ்வரி இன்னொரு துண்டை எடுத்தாள்.

"என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றாள். "போய் அப்பாவை எழுப்பு. சாப்பிட வரட்டாம் எண்டு சொல்லு."