இயா பொலான்லேயின் செருப்பு

"அம்மா, உந்தச் செருப்பை இனி எறியட்டோ?"

நிலாணி இரண்டு விரலால் அந்தச் செருப்பைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பனிச் சப்பாத்துகளிலிருந்து உருகிய தண்ணீர் வாசல் மிதியடியில் தேங்கியிருந்தது. அதற்கு மேலே தொங்கியது மண்ணிற ரப்பர் செருப்பு. ஒரு வார் அறுந்து நைலோன் நூலால் தைக்கப்பட்டது.

"வை அதை."

"ஓகே, ஓகே. வேணுமெண்டால் சாமியறைக்குள்ள வைக்கிறன்."

சிரித்துக்கொண்டே அதை ஹீட்டர் பக்கமாக வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். நான் அதைப் பார்த்தபடி நின்றேன்.

டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் நாங்கள். ஆறாம் மாடியில் பொலான்லே. நானும் அவளும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறோம். அவள் நைஜீரியாவிலிருந்து வந்த யொரூபாக்காரி. எங்கள் இல்லத்தில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்தவர்கள் என்பதால் "சாப்பிட்டியளோ?", "நோகுதோ?", "சுகமில்லையோ?" என்ற மூன்றையும் அவள் என்னைவிடக் கனிவாகக் கேட்பாள். எனக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது கீமோவுக்குக் காரில் ஏற்றி இறக்கியவளும் அவள்தான். அந்த நாட்களில் பச்சை மூடி போட்ட டப்பாவில் சூப் கொண்டுவருவாள். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சத்தி எடுத்துவிட்டு வந்து ரவை வறுப்பேன். அதுவும் முடியாவிட்டால் இரண்டு அப்பிள் பழமாவது போட்டுத்தான் கொடுப்பேன். பொலான்லேக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படியில்லை. வெறும் கையோடு ஒருவர் முன் நின்று வாங்கிக்கொள்வது எனக்கு வராது.

வைத்தியம் முடிந்தபின் ஒருநாள் லிஃப்டில் போகிற போக்கில் சொன்னாள். அவளுடைய ஊர் இடான்ரே, மலையடிவாரம். எனக்குக் கீமோ ஏற்றிய ஒவ்வொரு நாளும் அவளுடைய தாய் அந்த மலையில் ஏறி, உச்சியில் என் பெயரைச் சொல்லிப் பிரார்த்தித்தாராம். அறுநூறுக்கு மேல் படிகள். அறுபத்தொன்பது வயது. ஆறு தரம். என் முகத்தைக்கூடக் கண்டதில்லை.

ஆறு மலையேற்றத்தை எந்த டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொடுப்பது? அதே மலையில் வெறுங்காலோடு ஏறுவதாக நேர்த்தி வைத்தேன். ஏறி முடித்தால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். மார்கழியில் பொலான்லே ஊருக்குப் போனபோது நானும் நிலாணியும் கூடப் போனோம்.

அங்கே பெற்றோரைப் பிள்ளையின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் இயா பொலான்லே, பொலான்லேயின் தாய். என்னை முதல் நிமிடத்திலேயே இயா நிலாணி ஆக்கிவிட்டார். படிகள் தொடங்கும் இடத்தில் நான் சப்பாத்தைக் கழற்றியதும் வழிகாட்டி சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னான்.

"அம்மா, போடுங்கோ. இது கோயில் இல்லை."

"எனக்குக் கோயில்தான்," என்றேன்.

காலைக் குளிரில் படிகள் இதமாக இருந்தன. இளைப்பாறும் இடம் ஒவ்வொன்றிலும் இயா எனக்காக நின்றார். உச்சியில் ஒரு பழைய ஊர் இருந்தது. பல நூறு வருடங்கள் வாழ்ந்துவிட்டு, தொண்ணூற்றுச் சொச்ச வருடங்களுக்கு முன் எல்லோருமாகக் கீழே இறங்கிப் போனார்களாம். செதுக்கிய தூண்கள் நிற்கும் அரசர் முற்றம், மண்சுவர்கள், ஒரு பள்ளிக்கூடம். செம்மஞ்சள் தலையோடு ஓணான்கள் சுவரில் ஏறி எங்களை விசாரித்தன. இயாவின் தகப்பன் அங்கே பிறந்தவர். குட்டைச் சுவர் ஒன்றின் முன் நின்று, இங்கேதான் சமையல் என்று இயா கையைக் கிண்டிக் காட்டினார். அப்பால் பாறையில் ஒரு பாதத் தடம். எந்த அளவுக் காலுக்கும் அது பொருந்தும் என்பது ஊர் நம்பிக்கை. நிலாணி வைத்தாள், பொருந்தியது. நானும் வைத்தேன். பொருந்தியது கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. கீமோவுக்குப் பிறகு என் பாதங்கள் மரத்துப் போயிருந்தன. அதை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. படிகளுக்குப் போக ஒரு பெரிய மொட்டைப் பாறையைக் கடக்க வேண்டும். முன்னால் போன பொலான்லே திரும்பிப் பார்த்தாள்.

"குணா, நோகுதோ?"

"இல்லை."

பொய் இல்லை. ஆனால் பின்னால் வந்த இயா நின்றுவிட்டார். நான் மிதித்த இடங்களில் சிறிய ஈரத் தடங்கள். குதிக்கால் கொப்பளித்து உடைந்திருந்தது.

"உங்களுக்குத் தெரியேல்லையோ அம்மா? கால் விறைச்சுப் போச்சோ? எவ்வளவு நாளாய்? ஏன் எனக்குச் சொல்லேல்லை?" நிலாணி அழத் தொடங்கினாள்.

இயா என்னை ஒரு மர நிழலில் இருத்தி, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். வயதில் மூத்தவர் என் காலைத் தொடுவதா? பதறி இழுத்தேன். முழங்காலில் மெல்ல ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி இழுத்துக்கொண்டார். தண்ணீரால் கழுவினார். தன் தலைத்துணியில் ஒரு கரையைக் கிழித்துச் சுற்றினார். பிறகு தன் செருப்பைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு ஏதோ சொன்னார்.

"நீங்கள் உங்கட காலால நடந்து திரியவேணும் எண்டுதான் ஆறு தரம் ஏறினவவாம்," பொலான்லே ஆங்கிலத்தில் சொன்னதை நிலாணி மூக்கை உறிஞ்சியபடி தமிழில் சொன்னாள். "உங்களைக் காவிக்கொண்டு இறங்க ஏலாதாம்."

இயா வெறுங்காலோடு எனக்கு முன்னால் இறங்கினார். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றி இரண்டு கைகளாலும் நீட்டினேன். சப்பாத்து புண்ணை உரசும் என்று என் காலைக் காட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.

ஹீட்டர் பக்கத்துச் செருப்பைப் பார்த்தபடி நான் இன்னும் நின்றபோது கதவு தட்டப்பட்டது. பொலான்லே, வேலைக்குப் போகிற உடுப்போடு. நேற்றுத் தந்த டப்பாவைக் கேட்டாள். கழுவித் துடைத்து வைத்திருந்தேன். கை தன்பாட்டில் ஃபிரிட்ஜைத் திறந்தது. உள்ளே கடலை இருந்தது, வாழைப்பழமும் இருந்தது. மூடினேன். டப்பாவை அப்படியே கொடுத்தேன்.

அதில் பாரம் இல்லாதது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பச்சை மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"குணா, சுகமில்லையோ?"

"சுகம்," என்றேன். "உனக்கு நன்றி."

 அவள் டப்பாவை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். லிஃப்ட் வரை கூடப் போக அந்தச் செருப்புக்குள் கால் விட்டேன். இயாவின் ஐந்து விரல்களும் குதியும் பல வருடங்களாக அழுத்திய பள்ளங்கள் அந்த ரப்பரில் இருந்தன. ஹீட்டர் பக்கத்தில் கிடந்ததால் செருப்பு சூடாக இருந்திருக்கும், என் காலுக்குத் தெரியவில்லை. குனிந்து விரல்களை ஒவ்வொன்றாக அந்தப் பள்ளங்களில் சரியாக வைத்துக்கொண்டேன்.