எல்மர்கோட்டின் தொட்டி

எல்மர்கோட்டில் இப்போது இருப்பது ஒரு கோயில், ஒரு குடிசை, மற்றதெல்லாம் ஆடு. கம்பளிக்கு விலை ஏறியதும் பிரபு குடியானவர்களை வெளியேற்றி, வீடுகளை இடித்து, ஊரையே மேய்ச்சல் நிலமாக்கிவிட்டார். ஆடு மேய்க்க ஓர் ஆள் வேண்டும் என்று பிரபுவின் காரியஸ்தன் கேட்டபோது ஜெர்வஸ் தலையாட்டினான். அவன் மனைவி ஏவிஸைக் கோயில் சுவரோரம் புதைத்திருந்தது. அவளை விட்டுவிட்டு எங்கே போவது என்று நினைத்தான். ஊர்க்காரர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள்.

கோயிலுக்குள் கதவருகே ஞானஸ்நானத் தொட்டி இருந்தது. கோயிலை விடப் பழையது. எப்போதோ தீப்பிடித்துக் கூரையும் சுவரும் போனபோது, தொட்டி நின்ற இடத்தைச் சுற்றித்தான் மறுபடி கட்டினார்களாம். வெளிப்புறத்தில் ஒரு சிங்கம் செதுக்கியிருக்கும். செதுக்கியவன் சிங்கத்தைப் பார்த்ததில்லை போல. அது செம்மறிக்கிடா மாதிரி வந்திருந்தது. ஊரில் பிறந்த அத்தனை பேர் தலையும் அதில் நனைந்ததுதான். இப்போது உள்ளே தூசியும் செத்த ஈக்களும்.

கல்லறைத் திருநாளுக்குப் பக்கத்து ஊர் பார்ஸ்டோவிலிருந்து பாதிரியார் ஆஸ்மண்ட் கழுதையில் வந்து பூசை வைத்தார். கேட்க ஜெர்வஸ் ஒருத்தன்தான். பூசை முடிந்ததும் அவர் தொட்டியின் விளிம்பைத் தட்டிப் பார்த்தார்.

"எங்க தொட்டி போன பனியில வெடிச்சுப்போச்சுப்பா. ஈஸ்டருக்கு முன்னால வண்டி கொண்டாந்து இதை எடுத்துக்கறேன்."

"அப்ப இங்க, சாமி?"

"இங்க யாருக்கு, ஆட்டுக்குட்டிக்கா ஞானஸ்நானம் குடுக்கப்போறோம்? தொட்டி போனா இது ஒரு ஊருக்கான பங்குக் கோயில் இல்ல. பூட்டிடுவாங்க. கூரை ஈயத்தைப் பிரபு உருக்கிடுவாரு."

"அதுக்குள்ள ஒரு கொழந்த வந்தா?"

பாதிரியார் சிரித்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "வந்தா நான் தொடமாட்டேன். பங்கு உசுரோட இருக்குன்னு எனக்கு மேல இருக்கற மேற்றிராணியாருக்குச் சொல்லிடறேன்."

ஏவிஸின் தங்கை ஹாவிஸ், பார்ஸ்டோவுக்கு அப்பால் பொதுநிலத்தில் குடிசை போட்டிருந்தாள். அவள் மகள் சிசிலி முழுகாமல் இருப்பதாகச் சந்தையில் ஜெர்வஸ் கேள்விப்பட்டிருந்தான். ஆடுகளை நாயிடம் விட்டுவிட்டு நடந்தான்.

ஹாவிஸ் பட்டாணிக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள்.

"யாரு, ஆட்டு ராசாவா? வாங்க மச்சான். எங்க வீட்டைத் தின்னுச்சே உங்க ஆடு, செரிச்சுடுச்சா?"

சிசிலியின் பிள்ளைக்கு எல்மர்கோட்டில் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று, வந்த விஷயத்தைச் சொன்னான். "உங்கக்கா அங்கதானே கெடக்கிறா, ஹாவிஸ்."

"அக்கா பேரை எடுக்காதீங்க. எங்கம்மாவைக் கட்டிலோட தூக்கி மழையில வெச்சாங்க. அப்ப நீங்க எங்க நின்னீங்க? காரியஸ்தன் பக்கத்துல, கையில கோலோட."

ஜெர்வஸ் அன்றைக்கு அப்படித்தான் நின்றிருந்தான்.

மூலையில் படுத்திருந்த சிசிலி தலையைத் தூக்கினாள். "பெரியப்பா, அந்தக் கிடா மூஞ்சி சிங்கம் இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா."

"நீ பேசாம படு" என்றாள் ஹாவிஸ்.

நம்பிக்கை இல்லாமல்தான் திரும்பினான். ஆனாலும் தொட்டியைத் தேய்த்துக் கழுவினான்.

பனி இளகத் தொடங்கிய ஒரு காலையில் சரிவில் ஆட்கள் ஏறி வருவது தெரிந்தது. கழுதைமேல் பாதிரியார். பின்னால் மார்போடு மூட்டையாய் எதையோ அணைத்தபடி ஹாவிஸ், கூடவே அவள் மருமகனின் அண்ணன்.

"மக ஒத்தக்கால்ல நின்னா. உங்களுக்காக வரல" என்றாள் ஹாவிஸ்.

பாதிரியார் சுற்றிப் பார்த்தார். "ஆம்பளப் பிள்ளைன்னா ஏந்தி நின்னு பேர் சொல்ல ஞானத் தகப்பன் ரெண்டு பேர் வேணும். இன்னொருத்தன் எங்க?"

"ஓடையில விழுந்துட்டான். நனைஞ்சு திரும்பிப் போயிட்டான்" என்றாள் ஹாவிஸ்.

"அப்ப ஜெர்வஸ்தான்."

"வேற ஆள் இல்லையா, சாமி?"

"நீயே கூப்பிட்டுப் பாரும்மா, யார் வர்றாங்கன்னு."

ஹாவிஸ் பிள்ளையின் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். பிறகு மூட்டையை ஜெர்வஸின் கையில் வைத்தாள். துணிக்குள்ளிருந்து சூடு அவன் கையில் ஏறியது. பேர் கேட்டார் பாதிரியார். "ஆன்செல்ம்" என்றாள் ஹாவிஸ். அவளுடைய, ஏவிஸுடைய அப்பாவின் பேர் அது. ஜெர்வஸ் அதைத் திருப்பிச் சொன்னான். தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டது. நாள்கணக்கில் தன் இருமலைத் தவிர வேறு சத்தம் கேட்காத அந்தக் கோயிலில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

குடிசையில் பாலாடைக்கட்டியும் பீரும் எடுத்து வைத்திருந்தான். "பிள்ளைக்குக் குளிரும்" என்று ஹாவிஸ் கிளம்பிவிட்டாள். போகும்போது மட்டும் அக்காவின் கல்லறையில் நின்றாள். அவன் தள்ளியே நின்றான்.

"ஞானத் தகப்பன்னு சொல்லிக்கிட்டு வாசல்ல வந்து நிக்காதீங்க மச்சான். அவன் வளந்து கேட்டா நடந்ததை நடந்தபடி சொல்லுவேன்."

"சொல்லு" என்றான் ஜெர்வஸ்.

பாதிரியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பார்ஸ்டோவில் புதுத் தொட்டி செதுக்கினார்கள். எல்மர்கோட்டுக்கு அப்புறம் எந்தக் குழந்தையும் வரவில்லை. கம்பளி கத்தரித்தபோது மிருதுவான முதல் கத்தையை அவர் கையில் ஹாவிஸுக்குக் கொடுத்தனுப்பினான். அடுத்த கல்லறைத் திருநாளுக்கு அவர் வந்தபோது கேட்டான்.

"வாங்கிக்கிட்டாளா, சாமி?"

"வாங்கிக்கிட்டா. ஒண்ணும் சொல்லல."

"பையன்?"

"சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாம்ப்பா."

பாதிரியார் கழுதையை அவிழ்த்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்தக் குளிர்காலம் முழுக்க ஜெர்வஸுக்கு அந்த ஒரு சேதிதான் இருந்தது. அதைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.